ஏர் கன் நட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறது: புது கன் வாங்குவதா, லைனைப் பார்ப்பதா?

டயர்பட்டறை_சங்ககிரி

வணக்கம் நண்பர்களே. பைபாஸ் ஓரத்தில் லாரி டயர் பட்டறை வைத்திருக்கிறேன். காற்றில் ஓடி நட்டைக் கழற்றும் ஏர் கன் இரண்டு: சாக்கெட் மாட்டும் முனை முக்கால் இஞ்ச் ஒன்று, கார்களுக்கு அரை இஞ்ச் ஒன்று. கம்ப்ரஸர் 5 ஹெச்பி, டேங்க் மீட்டரில் எப்போது பார்த்தாலும் 8 கிலோ பிரஷர் காட்டுகிறது. ஆரம்பத்தில் பின் வீல் நட்டு நாலைந்து அடியில் விட்டுக்கொடுத்துவிடும். இப்போது கன் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, நட்டு அசைவதில்லை. கடைசியில் பையன் பைப்பைப் போட்டு ஏறி மிதிக்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் ஒரு இஞ்ச் கன் எடுக்கச் சொல்கிறார். எடுப்பதா, இதையே ரிப்பேர் பார்ப்பதா? ஆயில் எப்போதாவது விடுவோம், கையில் கிடைக்கும் இன்ஜின் ஆயில்தான்.

ஏர்லைன்_கோவை

காசைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். டேங்க் மீட்டர் டேங்குக்குள் இருப்பதைத்தான் சொல்லும், கன்னுக்கு என்ன போய்ச் சேருகிறது என்று அதற்குத் தெரியாது. ஹோஸ் உள்விட்டம் என்ன, எத்தனை மீட்டர், நடுவில் ஹோஸை மாட்டிக் கழற்றும் கப்ளர் எத்தனை? கன்னின் காற்று நுழையும் வாயில் இருக்கும் சின்ன வலையைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்?

டயர்பட்டறை_சங்ககிரி

ஹோஸ் நீல நிற சுருள் ஹோஸ், 8 எம்எம். அதோடு இன்னொரு துண்டு சேர்த்து 20 மீட்டர் வரும். கப்ளர் மூன்று. வலையா? அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

ஏர்லைன்_கோவை

பாதி பதில் வந்துவிட்டது.

இந்த கன்கள் எல்லாமே 90 பிஎஸ்ஐ-க்கு, நம் கணக்கில் 6.3 கிலோவுக்குச் செய்தவை. அந்த 6.3 கன்னின் வாயில் இருக்க வேண்டும், அதுவும் டிரிகரை அழுத்தி அது ஓடிக்கொண்டிருக்கும்போது. ஓடாதபோது லைன் முழுக்க ஒரே பிரஷர்தான் காட்டும், மெலிந்த ஹோஸும் நல்ல ஹோஸும் ஒன்றுபோலவே தெரியும். காற்று ஓடத் தொடங்கியதும்தான் வித்தியாசம் வெளியே வரும்.

கன்னுக்கு முன்னால் ஒரு டீ வடிவ இணைப்பு போட்டு அதில் சின்ன மீட்டர் மாட்டுங்கள். டிரிகரை அழுத்திப் பிடித்தபடி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அரை இஞ்ச் கன்னுக்கு 10 எம்எம் உள்விட்டம் போதும். முக்கால் இஞ்ச் கன்னுக்கு 13 எம்எம்முக்குக் குறைந்து போடாதீர்கள். ஒரு இஞ்ச் கன் என்றால் 19 எம்எம் வரை போக வேண்டிவரும். இப்போதைய ஹோஸிலேயே ஒரு இஞ்ச் கன்னை மாட்டினால் அது இதைவிட மோசமாக நொண்டும், ஏனென்றால் அது குடிக்கும் காற்று இதைவிட அதிகம்.

இன்னொன்று. பலம் போதவில்லை என்று லைனில் பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை 9, 10 கிலோவுக்குத் திருகி விடாதீர்கள். டிரிகரைத் தொட்ட முதல் நொடியில் அந்த முழு பிரஷரும் கன்னின் தலையில்தான் இறங்கும். உள்ளே அடிக்கும் சுத்தியலும், அந்த அடியை வாங்கி சாக்கெட்டைத் திருப்பும் ஆன்வில்லும் சீக்கிரம் விரிசல் விடுவது இதனால்தான்.

பழைய_பானா

இவ்வளவு கணக்கு வேண்டாம் தம்பி. கன் மந்தமானால் மண்ணெண்ணெயை உள்ளே ஊற்றி நாலு தடவை ஓட்டு, அப்புறம் 40 நம்பர் ஆயில் விடு. முப்பது வருஷமாக நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

ஜூரோங்_மெக்கானிக்

அண்ணே, ஒரு வார்த்தை. மண்ணெண்ணெயை ஊற்றி ஓட்டினால் அது மொத்தமும் எக்ஸாஸ்ட் வழியாகப் பனி போல வெளியே வரும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பிரித்துப் போட்டு, பாகங்களைத் தட்டில் வைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைப்பது வேறு. அதை நானும் செய்வேன்.

ஆயில் விஷயம்: கன்னுக்குள் ரோட்டார் இருக்கிறது, அதில் நீளவாக்கில் காடி வெட்டி பிளேடுகள் சொருகியிருக்கும். பெரும்பாலும் ஆறு, சிலதில் அதற்கு மேலும் இருக்கும். ரோட்டார் சுற்றும் வேகத்தில் பிளேடுகள் வெளியே வந்து சிலிண்டர் சுவரை உரசிக்கொண்டு ஓட வேண்டும். காற்று தள்ளுவது அந்த பிளேடுகளைத்தான். 40 நம்பர் போன்ற கெட்டியான ஆயில் காடிக்குள் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பிளேடு உள்ளேயே ஒட்டிக்கொண்டால் காற்று அதைத் தாண்டி சும்மா ஓடிப்போகும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது இன்னும் மோசம்.

ஏர் டூல் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். கெட்டித்தன்மை எண் விஜி 22 அல்லது 32, தண்ணீராக இருக்கும். அவசரத்துக்கு தையல் மெஷின் ஆயில் பரவாயில்லை. துரு விடுவிக்கிற ஸ்பிரேயை ஆயிலுக்குப் பதிலாக அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஆயிலையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். காலையில் ஹோஸ் மாட்டும் முன் நாலைந்து சொட்டு, சாக்கெட் இல்லாமல் இரண்டு மூன்று நொடி ஓட்டம். எக்ஸாஸ்டை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். நாள் முழுக்க ஓடுகிற கன் என்றால் மதியம் இன்னொரு தடவை.

முன்னால் இருக்கும் சுத்தியல் பகுதி தனி. பின்னால் விடும் ஆயில் அங்கே போய்ச் சேராது. சில கன்களில் அங்கே கிரீஸ், சிலதில் ஆயில். கன்னோடு வந்த தாளில் போட்டிருக்கும்.

நோய் எங்கே என்று பிரித்துப் பார்க்காமலே ஓரளவு சொல்லலாம். சும்மா ஓடவிடும்போதே மெதுவாகச் சுற்றினால் காற்று போதவில்லை, இல்லையென்றால் பிளேடு ஒட்டியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. சும்மா ஓடும்போது நல்ல வேகம், நட்டில் வைத்தால் மட்டும் அடி விழவில்லை என்றால் சுத்தியல், ஆன்வில் பக்கம் தேய்மானம். உங்களுடையது எது?

டயர்பட்டறை_சங்ககிரி

சும்மா ஓடும்போதே முன்பு போன்ற கீச்சுச் சத்தம் இல்லை. மெதுவாகத்தான் இருக்கிறது. நாளை மீட்டர் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

புதுப்பையன்_23

அண்ணே, சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். எங்கள் பட்டறையில் கன்னுக்கு கறுப்பு சாக்கெட் ஒன்றுதான். அளவு கிடைக்கவில்லை என்றால் கை ராட்செட்டின் வெள்ளி சாக்கெட்டையே போடச் சொல்கிறார்கள். கறுப்பு சாக்கெட்டைக் கன்னோடு பிடித்துவைக்கும் குறுக்குப் பின்னும் ரப்பர் வளையமும் தொலைந்துவிட்டது, ஓனர் கட்டுக்கம்பி கட்டிக் கொடுத்திருக்கிறார். ஓட்டலாமா?

கார்மெக்_மதுரை

இரண்டுமே வேண்டாம் தம்பி.

அந்த வெள்ளி சாக்கெட் கையால் திருக மட்டும் செய்தது. மெல்லிய சுவர், கடினமான இரும்பு, மேலே குரோம் பூச்சு. கன்னின் அடியில் அது வளையாது, ஒரேயடியாக வெடிக்கும். தெறிக்கும் சில்லு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, குனிந்து நிற்பவனின் முகம்தான் பக்கத்தில் இருக்கும். கறுப்பு சாக்கெட் தடித்த சுவர், அடியைத் தாங்கும் வகை இரும்பு. அதிலும் ஆறு முனை உள்ளதை எடு. பன்னிரண்டு முனை நட்டின் மூலையை மழுக்கிவிடும்.

கம்பி விஷயம் இன்னும் மோசம். சாக்கெட் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடுகிறது. கம்பியின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் கையுறையைக் கவ்வும், அல்லது கம்பி அறுந்து சாக்கெட்டே பறக்கும். பின்னும் வளையமும் டீ செலவுக்கு வரும் சாமான். சாக்கெட்டில் குறுக்குத் துளையும் சுற்றிலும் ஒரு பள்ளமும் இருக்கும் பார். பின்னைத் துளையில் விட்டு, மேலே ரப்பர் வளையம் அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். பின் வெளியே துருத்தவே கூடாது.

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தொங்கும் துண்டு, மணிக்கட்டில் சாமி கயிறு, தொளதொள பனியன் துணிக் கையுறை, இவை எதுவும் ஓடும் சாக்கெட் பக்கம் போகக் கூடாது. கையுறை போட்டால் விரலோடு ஒட்டிய வகை போடு. கண்ணாடி கட்டாயம். சாக்கெட் மாற்றும்போது முதலில் ஹோஸைக் கழற்று, டிரிகரை ஒரு தடவை அழுத்தி மிச்சக் காற்றை விடு, அப்புறம் கை வை.

ஏர்லைன்_கோவை

ஹோஸைக் கழற்றுவது பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்ளரைக் கன்னிலேயே நேராக மாட்டினால் கன் ஆடும் ஆட்டத்தில் கப்ளர் தேய்ந்து ஒருநாள் தானாகக் கழன்றுவிடும். காற்றோடு கழன்ற ஹோஸ் துள்ளி அடிக்கும், அதன் நுனியில் இருப்பது இரும்பு. கன்னில் அரை மீட்டர் சாட்டை ஹோஸ் ஒன்றை நிரந்தரமாக முடுக்கி, கப்ளரை அதன் மறுமுனையில் வையுங்கள். ஆட்டம் ஹோஸோடு நின்றுவிடும்.

டயர்பட்டறை_சங்ககிரி

மீட்டர் போட்டாயிற்று. அழுத்தாதபோது 8. டிரிகரை அழுத்தினால் மூன்றரைக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது!

வலையைக் கழற்றினேன். மிளகாய்த் தூள் போல சிவப்புத் துரு, முக்கால்வாசி அடைத்திருந்தது. ஊதிக் கழுவி மாட்டியதில் நாலரை. பக்கத்துப் பட்டறையில் 13 எம்எம் ரப்பர் ஹோஸ் வாங்கிப் போட்டு, நடுக் கப்ளரையும் எடுத்துவிட்டேன். இப்போது ஆறு. ஏர் டூல் ஆயில் விட்டு இரண்டு மூன்று தடவை ஓட்டியதும் எக்ஸாஸ்டில் கறுப்பாகக் கக்கியது, அதற்கு மேல் பழைய கீச்சுச் சத்தம் வந்துவிட்டது.

இன்று வந்த டாரஸ் லாரியின் பின் வீலில் பத்து நட்டும் மளமளவென்று கழன்றன. மாட்டும்போதும் அதே கன்னால் இறுக்கினேன், கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஒரு இஞ்ச் கன் இனி தேவையில்லை.

அந்தத் துரு எங்கிருந்து வருகிறது?

ஏர்லைன்_கோவை

டேங்கில் தேங்கும் தண்ணீரிலிருந்து. சின்னக் கணக்கு ஒன்று. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். உங்கள் 5 ஹெச்பி நிமிடத்துக்கு 500 லிட்டர் இழுக்கிறது என்று வையுங்கள். நாளில் மொத்தமாக நாலு மணி நேரம் ஓடினால் 120 கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2.9 கிலோ நீர் உள்ளே போகிறது. 8 கிலோவுக்கு அழுத்திய காற்று ஆறியதும் அதில் அரை கிலோ போலத்தான் தாங்கும். மீதி இரண்டு லிட்டருக்கு மேல் டேங்கிலும் லைனிலும்தான் கிடக்கிறது. ஐப்பசி மழையில் இன்னும் கூடும்.

தினமும் சாயங்காலம் அடி வால்வைத் திறந்து தண்ணீர் நின்று வெறும் காற்று வரும் வரை விடுங்கள். சுவரோரம் ஓடும் மெயின் பைப்பிலிருந்து ஹோஸுக்கு இறக்கும்போது பைப்பின் அடியிலிருந்து எடுக்காதீர்கள். மேலிருந்து எடுத்து வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். தண்ணீர் அடியில் ஓடும், காற்று மட்டும் வளைவைத் தாண்டும். மெயின் பைப்புக்கு நூறு அடிக்கு ஒரு அடி சரிவு, கடைசியில் ஒரு வடிகால் வால்வு. ஹோஸ் தொடங்கும் இடத்தில் ஃபில்டர், ரெகுலேட்டர், ஆயிலர் மூன்றும் சேர்ந்த செட்.

பத்துவீல்_டிரைவர்

நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். சங்ககிரி அண்ணன் "கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது" என்றாரே, அதைப் படித்ததும் வயிறு கலங்குகிறது. அதை நடுரோட்டில் கழற்ற வேண்டியவன் நான்.

போன மாதம் கர்னூல் தாண்டி ராத்திரி பஞ்சர். அதற்கு முந்தின வாரம் ஒரு கடையில் டயர் மாற்றியிருந்தோம். நானும் கிளீனரும் பைப்பின் நுனியில் சேர்ந்து ஏறி நின்று குதித்தோம், பத்தில் நாலு நட்டு அசையவில்லை. நட்டு ஏறும் மரைத் தண்டு, அந்த ஸ்டட் ஒன்று முறிந்தே போயிற்று. வழியில் போன இன்னொரு வண்டிக்காரர் கியர் ஸ்பேனர் கொடுத்துத்தான் கழற்றினோம்.

இந்த சைஸ் ஸ்டட்டுக்கு டார்க், அதாவது திருகும் இறுக்கம், 600 சொச்சம் நியூட்டன் மீட்டர் என்று கம்பெனி சர்வீசில் சொன்னார்கள். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 65 கிலோ ஆள் அசையாமல் ஏறி நின்றால் வருவது 640-க்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவுதான் இறுக்கம். அதற்கு மேல் கன் இறுக்கியதை நாங்கள் எதை வைத்துக் கழற்றுவது?

பழைய_பானா

டிரைவர் தம்பி சொல்வது சரிதான். ஆனால் லூசாக விட்டு வீல் கழன்றால் அப்போதும் எங்களைத்தான் திட்டுவீர்கள். கையில் பிடித்திருக்கும்போதே கன் சத்தம் மாறுவது எங்களுக்குத் தெரியும். மாறியதும் இரண்டு அடி, அதோடு நிறுத்திவிடுவோம். அளவு வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் எல்லாம் ஷோரூமுக்கு. வரிசையில் ஆறு வண்டி நிற்கும்போது யார் அதை எடுத்துக்கொண்டு அலைவது?

ஜூரோங்_மெக்கானிக்

அண்ணே, உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதே இழையில் மேலே பாருங்கள். அதே கன், அதே ஆள், அதே டிரிகர். காற்று மூன்றரையிலிருந்து ஆறு ஆனதும் கன்னே வேறு ஆகிவிட்டது. நேற்று வரை "இரண்டு அடி" என்று பழகிய கை இன்றைய கன்னுக்கு என்ன கணக்கு வைக்கும்? கம்ப்ரஸர் நின்று ஓடும் இடைவெளியிலேயே பிரஷர் இரண்டு கிலோ ஏறி இறங்குகிறது. முதல் நட்டுக்கு விழுந்த அடி பத்தாவது நட்டுக்கு விழாது. மரையில் துரு இருந்தால் ஒரு கணக்கு, ஆயில் இருந்தால் இன்னொரு கணக்கு.

கன்னில் 1, 2, 3 என்று இருக்கும் திருகும் டார்க் அளவு அல்ல. அது காற்றைக் கூட்டிக் குறைக்கும் குழாய்தான்.

லூசானால் வீல் கழலும் என்று எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மேல் இறுக்கினாலும் அதே இடத்துக்குத்தான் வரும். ஸ்டட் ஒரு எல்லைக்கு மேல் நீண்டால் திரும்பிச் சுருங்காது. பிடி தளரும், அப்புறம் மரை போகும் அல்லது முறியும்.

இங்கே நாங்கள் செய்வது இவ்வளவுதான். ஸ்டட்டையும் வீல் டிஸ்க் உட்காரும் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் துடைக்கிறோம். நட்டை முதல் நாலைந்து மரை கையால்தான் ஏற்ற வேண்டும், குறுக்கு மரை விழுந்தால் கை உடனே சொல்லிவிடும், கன் சொல்லாது. பிறகு கன்னைக் குறைந்த அளவில் வைத்து, எதிரெதிர் வரிசையில் நட்டு முகம் தொடும் வரை மட்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச். பத்து நட்டுக்கு அதிகம் போனால் மூன்று நிமிடம். புதிதாக மாட்டிய வீலை 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அதே அளவுக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெயின்டும் துருவும் நசுங்கி உட்காரும்.

கார்மெக்_மதுரை

கார் பக்கம் இது இன்னும் மோசம். சின்னக் கார்களுக்குக் கேட்பது நூறு நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம்தான். நல்ல அரை இஞ்ச் கன் 600, 700 வரை போகும். ஐந்து நொடி டிரிகரில் கை இருந்தால் போதும், ஸ்டட் நீண்டுவிடும், அலாய் வீலின் குழி நசுங்கும். வண்டி வண்டிக்கு அளவு மாறும், மேனுவலைப் பாருங்கள்.

டயர்பட்டறை_சங்ககிரி

டிரைவர் தம்பி, நேற்று போன டாரஸ்காரர் ரெகுலர் ஆள்தான். கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், லோடு இறக்கித் திரும்பும்போது நிற்பார், தளர்த்தி மறுபடி இறுக்கித் தருகிறேன். முக்கால் இஞ்ச் டார்க் ரெஞ்ச் விலை கேட்டேன். அந்த ஒரு இஞ்ச் கன்னுக்குச் சொன்ன விலையில் பாதிகூட இல்லை.

நட்டுக்கு ஆயில் தடவலாமா? அப்புறம் லைனை பிவிசி பைப்பில் இழுத்துவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார். துருவே பிடிக்காதாமே?

ஏர்லைன்_கோவை

பிவிசி வேண்டவே வேண்டாம். தண்ணீர் பிரஷரும் காற்று பிரஷரும் ஒன்றல்ல. தண்ணீர் பைப் உடைந்தால் நனையும், காற்று பைப் உடைந்தால் பைப் துண்டு துண்டாகப் பறக்கும். கம்ப்ரஸர் சூட்டில் பிவிசி பலம் இழக்கும், நாளாக ஆக மொறுமொறுப்பாகும், ஒருநாள் சொல்லாமல் வெடிக்கும். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப் போடுங்கள், வசதி இருந்தால் காற்றுக்கென்றே வரும் அலுமினியப் பைப்.

ஜூரோங்_மெக்கானிக்

ஆயிலுக்கு: வாஷரோடு சேர்ந்த தட்டை முக நட்டு என்றால் மரையிலும், நட்டுக்கும் வாஷருக்கும் நடுவிலும் ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். கூம்பு அல்லது உருண்டை முகமுள்ள பழைய வகை நட்டுக்குக் காய்ந்த மரைதான். உங்கள் வண்டியின் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. டிஸ்க் முகத்தில் எந்த வகையிலும் ஆயில் படக் கூடாது. பழைய லாரிகளில் இடப்பக்க வீலுக்கு இடமரை இருக்கும், ஸ்டட் நுனியைப் பார்க்காமல் கன்னை வைத்தால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

காது பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் கன்கள் 100 டெசிபல் பக்கம் சாதாரணமாகப் போகும். அமெரிக்கத் தொழில் நலக் கழகமான நியோஷ் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்கிறது, 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதி. 100-க்கு வந்தால் மொத்தம் 15 நிமிடம்தான். தகரக் கொட்டகைக்குள் என்றால் எதிரொலி வேறு. காதில் பஞ்சு வைப்பது போதாது, நுரை அடைப்பான் வாங்கி வையுங்கள். காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப் போகிறது என்று பையன் யாராவது சொன்னால் குளிர் என்று விட்டுவிடாதீர்கள், அதிர்வால் வருவது. கன்னை மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பழைய_பானா

எனக்கு வலது காது மந்தம்தான். சரி, டார்க் ரெஞ்சுக்கு நான் இன்னும் முழுசாக ஒப்பவில்லை, ஆனால் காது அடைப்பான் பையன்களுக்கு வாங்கிப் போட்டுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, இதை யாரும் எழுதவில்லை. டயரைப் பிடித்துவைக்க தனி இரும்பு ரிங் வைத்த டிஸ்க்கில் விரிசலோ, டயர் காற்றில்லாமல் ஓடி வந்ததோ தெரிந்தால், வால்வு ஊசியைக் கழற்றி மொத்தக் காற்றையும் இறக்காமல் நட்டில் கன் வைக்காதே. ஜோடி டயர் என்றால் இரண்டிலும் இறக்கு. கடைசி நட்டு கழலும்போது அந்த ரிங் எதிரில் நிற்பவனைப் பார்த்துத்தான் வரும்.

பத்துவீல்_டிரைவர்

பெரியவர் சொன்னதை நாலு தடவை படிக்க வேண்டும்.

புதுப்பையன்_23

பின், வளையம் இரண்டும் வாங்கிவிட்டேன் அண்ணே. ராத்திரி கடை மூடும்போது கன்னை என்ன செய்வது? நாங்கள் ஹோஸோடு அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போகிறோம்.

ஜூரோங்_மெக்கானிக்

ஹோஸைக் கழற்றி, நாலு சொட்டு ஆயில் விட்டு, திரும்ப மாட்டி இரண்டு நொடி ஓட்டு. பகலில் உள்ளே போன ஈரத்தின் மேல் ஆயில் படரும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், ராத்திரியில்தான் பேரிங் துருப்பிடிக்கிறது. அப்புறம் ஹோஸைக் கழற்றிவிட்டு, காற்று வாயைத் தூசி போகாமல் மூடி, கொக்கியில் தொங்கவிடு. தரையில் கிடந்தால் மண் உள்ளே போகும், அதன் மேல் வண்டியும் ஏறும்.

டயர்பட்டறை_சங்ககிரி

கோவை அண்ணே, டேங்க் அடி வால்வு துருவேறித் திரும்ப மாட்டேன் என்கிறது. பைப் ரெஞ்ச் போட்டுத் திருகலாமா?

ஏர்லைன்_கோவை

காற்று இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, டேங்கை முழுக்கக் காலி செய்து, மீட்டர் பூஜ்யம் வந்த பிறகு கழற்றுங்கள். பழையதை எறிந்துவிட்டு அதே மரைக்கு ஒரு பால் வால்வு போட்டு, கைக்கு எட்டும் தூரத்துக்குச் சின்னப் பைப்பில் வெளியே கொண்டுவாருங்கள். குனிந்து கையை உள்ளே விட வேண்டியிருந்தால் பையன்கள் ஒரு வாரத்துக்கு மேல் செய்ய மாட்டார்கள். கழற்றும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடித் தகடு செதில் செதிலாக உதிர்ந்தால் போட்டோ போடுங்கள், அந்த டேங்கை மறுபடி ஏற்றுவதற்கு முன் பேசலாம்.